தட்டு கையில் இருக்கும்போது கூப்பிடாதே

தக்குவரெம்போ,
ஆகஸ்ட் 4

அன்புள்ள எல்பியா அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குடையை மட்டும் பஸ்ஸில் விட்டுவிட்டேன். அது உன் குடை என்பதைக் கடிதத்தின் கடைசியில் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். கடைசிக்கு வருவதற்குள் மறந்துவிடுவேன் என்பதால் இப்போதே சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படி.

இது மலையடிவாரத்தில் ஒரு பழைய பண்ணை வீடு. ஓரிடத்தில் கவனம் நிற்காத என் தலைக்கு டாக்டர் ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைத்தாரே, அதே பெயர் வாங்கிய தலைகள் இங்கே பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. வந்தவுடன் எல்லாருடைய போனையும் வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கடிதம் எழுதத் தடையில்லை. சமையல்காரர் யமாண்டூ காய்கறி வாங்க ஊருக்குப் போகும்போது பஸ் ஆபீசில் கொடுத்துவிடுவார், மறுநாள் துராஸ்னோவில் உன் கைக்கு வந்துவிடும்.

தியானம் சொல்லித்தருகிறவன் பெயர் ஃபப்ரிசியோ. என்னைவிடப் பத்து வயது சின்னவன், தாடி இன்னும் முழுசாக முளைக்கவில்லை. அவனுக்கும் இதே வியாதிதானாம். முதல் நாள், "மணி அடிச்சதும் கண்ணைத் திறங்க, அதுவரைக்கும் மூச்சை மட்டும் கவனிங்க" என்று சொல்லிவிட்டு, மணியை எங்கே வைத்தோம் என்று தேடப் போனவன் திரும்பி வரவே இல்லை. எல்லாரும் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தோம். நான் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டேன். ஒரு மாடு வந்து ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

விஷயம் இதுதான். மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடும். ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும். மறுபடி ஓடும், மறுபடி கூட்டிவர வேண்டும். அக்கா, அந்தத் "திட்டாமல்" என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நம் வீட்டில் எதையாவது திட்டாமல் கூட்டிவந்த வழக்கம் உண்டா? டாக்டர் கொடுத்த மாத்திரையையும் காலையில் தவறாமல் போட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே.

ஜூலை 29 பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மூச்சைக் கவனிக்கும்போதெல்லாம் அதுதான் வருகிறது. ஞோக்கித் தட்டுகளைக் குளிர் அறையில் வைத்ததாகத்தான் நினைத்தேன். பெரிய அடுப்பின் மேல் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் நீ இறக்கும்போது அத்தனை உருளைக்கிழங்கு உருண்டையும் ஒட்டி ஒரே ஞோக்கியாகி, மெத்தை மாதிரி கிடந்ததே, அந்த முகம், உன் முகத்தைச் சொல்கிறேன், கண்ணை மூடினால் தெரிகிறது. மாதத்துக்கு ஒரு நாள் ஊரே ஞோக்கி சாப்பிடுகிற தேதி, நம் பாஸ்தா கடை வாசலில் வரிசை தெரு மூலை வரைக்கும் நின்றது, உள்ளே ஒரு கரண்டி ஞோக்கிகூட இல்லை.

"தலையைச் சரிபண்ணிக்கிட்டு வா. அடுத்த இருபத்தொம்பதுக்குள்ள சரியாகலேன்னா உன் இடத்துல நிபியாவை வெச்சுக்கிறேன்" என்றாய். கோபத்தில் சொன்னாயா, நிஜமாகச் சொன்னாயா என்று தெரியவில்லை. தெரிந்தால் நல்லது. பதினாறு வயதிலிருந்து அந்த மாவில் கை வைத்தவள் நான். அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது, வேறு இடம் வேண்டவும் வேண்டாம்.

யமாண்டூ வண்டியைக் கிளப்பிவிட்டார்.

உன் தங்கை
சுல்மா

துராஸ்னோ,
ஆகஸ்ட் 8

சுல்மாவுக்கு,

நிஜமாகத்தான் சொன்னேன்.

அது என் குடை மட்டுமில்லை, என்னிடம் இருந்த ஒரே நல்ல குடை. இங்கே மூன்று நாளாக மழை.

மூச்சைக் கவனிக்கத் தக்குவரெம்போ வரைக்கும் போக வேண்டுமா? துராஸ்னோவில் காற்று இல்லையா? நாலு எழுத்துப் படி, படி என்று அப்பா தலையால் அடித்துக்கொண்டார். நீ படிக்காமல் டாக்டரிடம் போய் நாலு எழுத்து வாங்கிக்கொண்டு வந்தாய். சின்ன வயதில் இதற்கு ஒரே பெயர்தான் இருந்தது, அசமந்தம். அதற்கு வைத்தியமும் ஒன்றுதான், அது அம்மாவின் செருப்பு.

நிபியா திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள். நோட்டரியின் தங்கை மகள்தான், உனக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்கு வருகிறாள். ஏப்ரனைக் கழற்றினால் ஆணியில் மாட்டுகிறாள். உன் ஏப்ரன் எங்கே இருந்தது தெரியுமா? ஃப்ரீசரில். அதன் பையில் சாவிக்கொத்து, பாதி கடித்த பிஸ்கட், போன வருஷம் நான் வீடு முழுக்கத் தேடிய என் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் ஒரு வருஷமாக நான் பூரணம் வைத்த ரவியோலிக்கு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிபியா ஞோக்கி உருட்டினால் பட்டாளத்துச் சிப்பாய்கள் வரிசை நிற்பதுபோல ஒரே அளவு. நீ உருட்டினால் ஒன்று கோலிக்குண்டு, ஒன்று கோழிமுட்டை. ஆனால் தோன் அமரோ தன் முடிவெட்டுகிற கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, "சின்னவ எப்ப வருவா?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்றேன். "ஒண்ணும் வேணாம், சும்மா பேசலாம்னு வந்தேன்" என்றார். இதுதான் நீ கடை நடத்தின லட்சணம். பாஸ்தா வாங்க வருகிறவனைவிடப் பேச வருகிறவன் அதிகம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். பாசத்தினால் இல்லை. சளி பிடித்து வந்து படுத்தாயானால் பார்க்க எனக்கு நேரமில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு.

எல்பியா

தக்குவரெம்போ,
ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்கா,

காலுறைக்கு நன்றி. ஒரு ஜோடி காலில் இருக்கிறது. இன்னொரு ஜோடியில் ஒன்று இருக்கிறது.

நீ சிரிக்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. அதற்கு முன்னால் திராட்சைக் கதை. ஆளுக்குச் சில உலர்ந்த திராட்சை கொடுத்து, ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, மோந்து, நாக்கில் வைத்து, மெதுவாக மெல்லச் சொன்னான் ஃபப்ரிசியோ. அவன் "மோந்து பாருங்க" என்பதற்குள் என் கையில் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த பண்ணைக்காரர் தோன் எவுசேபியோவுடையதும் இல்லை. அவர் தன்னுடையதைத் தானே தின்றாரா, நான் தின்றேனா என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அது போகட்டும். நேற்றுக் காலை முழுக்க மௌனம். வாயைத் திறக்கக்கூடாது, ஜாடையும் காட்டக்கூடாது. ஆனால் மாத்தே இலைத் தேநீர் இல்லாமல் நம் ஊர்க்காரர்களைக் காலை நேரத்தில் உட்காரவைக்க எந்தச் சாமியாராலும் ஆகாது என்பதால் அதற்கு மட்டும் அனுமதி. ஊற்றிக் கொடுக்கிற வேலையை ஃபப்ரிசியோ எனக்குக் கொடுத்தான். "சுல்மா, இன்னிக்கு இதுதான் உன் தியானம். குடுவை, சுடுதண்ணி, குழல். வேற எதையும் பாக்காதே" என்றான். நானும் பார்க்கவில்லை.

பிளாஸ்க்கைச் சாய்த்தேன், இலை நனைந்தது, குடுவையை நீட்டினேன், அவர் உறிஞ்சினார், திரும்பி வந்தது, மறுபடி ஊற்றினேன், அடுத்தவருக்கு நீட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை அக்கா. என் வாழ்க்கையில் ஒரு காரியத்தை இத்தனை நேரம் நடுவில் விடாமல் செய்தது அதுதான் முதல் தடவை. மனம் ஓடவே இல்லை. எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

குடுவையைத் திருப்பித் தரும்போது "நன்றி" என்றால் போதும் என்று அர்த்தம், சொல்லாதவருக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பால்குடி மறக்கும் முன்னே நமக்குச் சொல்லித்தந்த சட்டம் இது. மௌன நாளில் நன்றி எப்படிச் சொல்வார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நீட்டின மாத்தேயை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு நம் ஜனங்களுக்கு மனசு வருமா? வாங்கினார்கள். குடித்தார்கள். நான் ஊற்றினேன். யமாண்டூ பிளாஸ்க்கை நிரப்பி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

எதிரில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். தோன் எவுசேபியோவின் மீசையில் கண்ணீர் இறங்கியது. ஏதோ ஆழமாகத் தியானம் கூடிவிட்டது என்று நினைத்து நான் அவருக்கு இன்னும் பக்தியோடு ஊற்றினேன். கடைசியில் ஃபப்ரிசியோவே துள்ளி எழுந்து, "நன்றி! நன்றி! போதும் தாயே, நன்றி!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான், அறை முழுக்க "நன்றி, நன்றி" என்று ஒரே கூச்சல், கதவில் நெரிசல். இங்கே கழிப்பறை இரண்டுதான். தோன் எவுசேபியோ மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஓடினார்.

எல்லாரும் திரும்பி வந்த பிறகு ஃபப்ரிசியோ சொன்னான்: "தப்பு என் மேலதான். குடுவையைப் பாருன்னு சொன்னேன், குடிக்கிறவன் மூஞ்சியையும் பாருன்னு சொல்லியிருக்கணும்." யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்குத்தான் திட்டு வராமல் என்னவோ போல் இருந்தது.

நிபியா சிப்பாய் ஞோக்கி உருட்டுகிறாளே, அது ருசியாக இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

சுல்மா

துராஸ்னோ,
ஆகஸ்ட் 16

சுல்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்துக் காட்டினேன். படிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன், தோன் அமரோ உறையைப் பார்த்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு கிழவிக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். ஒரு தடவைதான். நிபியா சிரிக்கவில்லை. கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தக் குடுவையை யாரு கழுவினா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நீ கழுவியிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நீ சொல்வதெல்லாம் பம்மாத்து என்று நிரூபிப்பதற்காகவே நேற்று மதியம் கடையைச் சாத்திய பிறகு நானும் உட்கார்ந்து பார்த்தேன். மாவு மூட்டை மேல், முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி. மூச்சு உள்ளே போனது. அது வெளியே வருவதற்குள் கரன்ட் பில் நினைவுக்கு வந்தது. அடுத்த மூச்சில் தக்காளிக்காரனிடம் சொல்லவேண்டியது. அதற்கடுத்ததில், மூட்டையின் ஓரம் பிரிந்திருக்கிறதே என்று கண்ணைத் திறந்தவள், மூட்டையைத் தைத்து, தைத்த ஊசியை வைக்கப் போன இடத்தில் தூசியைப் பார்த்து, அலமாரியைத் துடைத்து, ஜன்னலைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் நான் தியானத்தில் இருந்தேன் என்பது ஞாபகம் வந்தது. ஆனால் ஜன்னல் சுத்தமாகிவிட்டது. உன் தியானத்தில் அது உண்டா?

சாயங்காலம் டாக்டர் வந்திருந்தார். இதைச் சொன்னேன். "இது குடும்பத்துல வர்ற விஷயம் எல்பியா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய ரவியோலிப் பொட்டலத்தில் கொஞ்சம் குறைத்துப் போட்டேன்.

சிப்பாய் ஞோக்கி நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே ருசி. நிபியா வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடை சுத்தமாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது. வேலை நிரந்தரமா என்று கேட்டாள். அவளுக்கும் நோட்டரி ஆபீசில் ஒரு இடம் காத்திருக்கிறதாம், இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். இருபத்தொன்பதுக்குள் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் ஒரு இருபத்தொன்பது வாசலில் நின்று கைவிரிக்க என்னால் முடியாது சுல்மா. ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார், பண்ணும்போது என்னையே பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. வெட்கமாகப் போயிற்று. அதனால்தான் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். சரியாகிவிட்டாயா, இல்லையா?

எல்பியா

தக்குவரெம்போ,
ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

நேராகச் சொல்கிறேன். சரியாகவில்லை. சரியாகப் போவதுமில்லை.

ஃபப்ரிசியோவிடம் கேட்டேன், "எப்பத்தான் சரியாகும்?" என்று. மணியைத் தேடிக்கொண்டே பதில் சொன்னான், "சுல்மா, நான் ஆறு வருஷமா உக்காந்துட்டிருக்கேன். இப்பவும் தொலைக்கிறேன். முன்னெல்லாம் தொலைச்சதே சாயங்காலம்தான் தெரியும், இப்போ கொஞ்சம் சீக்கிரம் தெரியுது. அவ்வளவுதான்." மணி அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் பார்த்துச் சொன்னேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குப் புரியாது.

இனி எழுதப் போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கோபப்படுவாய். பரவாயில்லை.

நேற்று உட்கார்ந்திருந்தபோது அந்த ஜூலைச் சாயங்காலம் மறுபடி வந்தது. வழக்கமாக வந்தவுடன் வெட்கத்தில் ஓடிவிடுவேன். நேற்று ஓடாமல் பார்த்தேன். இரண்டு கையிலும் தட்டுகளோடு குளிர் அறைப் பக்கம் போகிறேன். கதவுக்கு இன்னும் சில அடிதான். "சுல்மா! கத்தரிக்கோலை எங்கடி வெச்சே?" என்றாய். சொன்னேன். திரும்பினேன். "சுல்மா! போன் அடிக்குது பாரு!" தட்டுகளைப் பக்கத்தில் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். பக்கத்தில் இருந்த இடம் அடுப்பு. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "சுல்மா! உப்புப் போட்டியா இல்லியா?" உப்பைப் பார்க்கப் போனேன். போனவள் போனவள்தான்.

தப்பு உன் மேல் என்று சொல்லவில்லை. தட்டை அடுப்பில் வைத்தது என் கைதான். ஆனால் என் தலை காற்றடித்தால் திறந்துகொள்கிற கதவு. அதை நான் கஷ்டப்பட்டுச் சாத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து உதைக்கிறது நீ. நாள் முழுக்க. உனக்கே தெரியாமல்.

அக்கா, நான் திரும்பி வரணும். அந்தக் கடை எனக்கு வேண்டும். விடியற்காலையில் உருளைக்கிழங்கு வேகிற வாசனை வேண்டும், நீ முணுமுணுக்கிறது வேண்டும். உன்னைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை, இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தினமும் காலையில் உட்காருவேன், மாத்திரை போடுவேன். அப்படியும் சிலதை மறப்பேன். ஒரு தப்பும் பண்ணாத தங்கைதான் வேண்டுமென்றால் நிபியாவை வைத்துக்கொள். அவள் நல்ல பெண். நான்தான் வேண்டுமென்றால் எனக்கு ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். தட்டு என் கையில் இருக்கும்போது என்னைக் கூப்பிடாதே. வீடு பற்றி எரிந்தாலும் நான் தட்டை வைத்த பிறகு சொல்.

சுல்மா

துராஸ்னோ,
ஆகஸ்ட் 21

சுல்மாவுக்கு,

நான் உதைக்கிறேனா? நானா?

விடியுமுன் எழுந்து, உனக்கும் சேர்த்து யோசித்து, உனக்கும் சேர்த்து ஞாபகம் வைத்து, நீ வைத்த இடத்தையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்து, கடைசியில் எனக்குக் கிடைத்த பெயர் இதுவா? மாடு வந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கண்டுபிடித்தாயா?

சரி. வாய்ப்பேச்சு வேண்டாம். கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு ஜாடி வைத்திருக்கிறேன். ஒருத்தர் வேலையாக இருக்கும்போது நான் கூப்பிட்டால், கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கொண்டைக்கடலையை அதில் போடுவேன். நிபியாதான் சாட்சி, அவள் பொய் சொல்லத் தெரியாதவள். ஜாடியின் அடிகூட மறையாது, பார். அந்த ஜாடியை அப்படியே பார்சல் கட்டி உன் ஃபப்ரிசியோவுக்கு அனுப்புகிறேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்.

எல்பியா

துராஸ்னோ,
ஆகஸ்ட் 24

அன்புள்ள சுல்மாவுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாதது நல்லதுதான், நான் எழுத வேண்டியது இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஜாடி நிரம்பிவிட்டது.

முதலில், நிபியா எண்ணாமல் அள்ளிப் போட்டுவிட்டாள் என்று சண்டை போட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். "எல்பியாம்மா, போட்டதெல்லாம் நீங்கதான். நீங்க மறந்ததைத்தான் நான் போட்டேன்" என்றாள். பிறகு, "இன்னொண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக்கூடாது" என்றாள். சொல் என்றேன்.

"நான் வந்ததிலேருந்து நீங்க என்னை ஒரு தடவைகூட நிபியான்னு கூப்பிடலை. சுல்மா, சுல்மான்னுதான் கூப்பிடுறீங்க. முதல்ல திரும்பமாட்டேன். இப்போ பழகிடுச்சு, திரும்பிடுறேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோன் அமரோதான் வாயைத் திறந்தார். "நிஜந்தான் எல்பியா. பாவம்னு நாங்க யாரும் சொல்லலை. நேத்து ஆளே இல்லாதப்பகூடக் கூப்பிட்டே. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். கத்தரிக்கோல் எங்கேன்னு கேட்டே, அப்புறம் பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னே."

சுல்மா, நான் குளிர் அறைக்குள் போய்விட்டேன். நிபியா முன்னால் அழக்கூடாது என்றுதான் போனேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வியாபாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிபியா போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நான் திறந்துபோட்டபடியே வந்திருக்கிறேன். உள்ளே ஒரு நாள் ரவியோலி. இதை நீ யாரிடமாவது சொன்னாய் என்று தெரிந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

நீ சொன்னது சரி. உன்னைக் கூப்பிடாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது போலிருக்கிறது. ஒரு பொருள் காணவில்லை என்றால் நான் அதைத் தேடுவதில்லை, உன்னைக் கூப்பிடுகிறேன். மனசில் ஏதாவது வந்தால் அதை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை, உன் தலையில் கொட்டிவிடுகிறேன். உன் தலையில் ஏற்கெனவே எத்தனை கொட்டியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுத வரவில்லை, ஆனால் நீ அப்படியே படித்துக்கொள்.

நிபியா நோட்டரி ஆபீசுக்குப் போகிறாள். "இங்கேயே இருந்தா என் பேரு எனக்கே மறந்துடும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இருபத்தேழாம் தேதி பஸ் ஏறிவிடு. இருபத்தெட்டு முழுக்க உருட்ட வேண்டும். தட்டு உன் கையில் இருக்கும்போது கூப்பிடமாட்டேன். தாங்க முடியாவிட்டால் வாயில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்துக்கொள்கிறேன். கோலிக்குண்டும் கோழிமுட்டையுமாக உருட்டு, பரவாயில்லை. ஜனங்களுக்கு அதுதான் வேண்டுமாம்.

வா.

உன் அக்கா
எல்பியா

மொந்தெவிதேயோ பஸ் நிலையம்,
ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

மேலே எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஜாடியை எடுத்து எறியாதே. முதலில் கேள்.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம். சந்தோஷத்தில் மனம் எங்கெங்கோ ஓடியது, பேசாமல் மூச்சைக் கவனிப்போம் என்று கண்ணை மூடினேன். அக்கா, கூடிவிட்டது. அத்தனை நாள் அந்தப் பண்ணை வீட்டில் கூடாதது பஸ்ஸில் கூடிவிட்டது. மூச்சு வந்தது, போனது. பக்கத்தில் ஒரு குழந்தையின் அழுகை வந்தது, போனது. கண்டக்டர் "துராஸ்னோ! துராஸ்னோ இறங்குறவங்க!" என்று கத்தினார். சத்தம் வரும், போகும், பின்னாடியே ஓடாதே என்று ஃபப்ரிசியோ சொல்லியிருக்கிறான். ஓடவில்லை. எவ்வளவு நல்ல குரல் என்றுகூட நினைத்தேன். கண்ணைத் திறந்தால் தலைநகரம்.

உன்னைப் போனில் கூப்பிட்டிருப்பேன். போன் அந்த டிராயரிலேயே இருக்கிறது. உன் எண் ஞாபகமில்லை.

இன்றைய கடைசி வண்டியில் ஒரு இடமும் இல்லை. டிரைவரிடம் கெஞ்சினேன், "நின்னுக்கிட்டு வர்றதுக்கு அனுமதியில்லை அம்மணி, கடிதம்னா குடுங்க, கொண்டுபோய்க் குடுத்துடுறேன்" என்றார். அதனால்தான் என்னை முந்திக்கொண்டு இந்தக் காகிதம் வருகிறது. இங்கே டிக்கெட் ஜன்னலில் இருக்கிற பெண்ணுடைய அக்கா வீட்டில் ராத்திரி தங்கிக்கொள்கிறேன். காலை முதல் வண்டியில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இதோ சட்டைப் பையில்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டேன்.

முன்பென்றால் இந்நேரம் அழுதுகொண்டு, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். இன்று ஓடிவிட்டது என்று தெரிந்தது, திட்டாமல் திரும்பக் கூட்டிவருகிறேன். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. அது போதுமா என்று நாளைக்கு நீயே பார்த்துச் சொல்.

உருளைக்கிழங்கை வேகவைத்துவிடு. நான் வந்து உருட்டுகிறேன். நாளை இரவுக்குள் அத்தனை தட்டையும் குளிர் அறையில் வைத்துக் கதவையும் சாத்திவிடுவோம், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அக்கா, ஒரே ஒரு உதவி. நாளைக் காலை அந்த வண்டி துராஸ்னோவுக்கு வரும்போது நிறுத்தத்தில் வந்து நில். ஜன்னல் ஜன்னலாகப் பார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இருப்பேன். உன்னால் முடிந்த மட்டும் சத்தமாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. ஊரே திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. என் கையில் தட்டு இருக்காது.

சுல்மா